செவி, கருவி, மனம்

நல்ல ஒலி எங்கே இருக்கிறது என்பது பழைய கேள்வி. பாடுகிறவரின் தொண்டையிலா, இடையில் உள்ள வெளியிலா, கேட்கிறவரின் செவியிலா, மனத்திலா? ஹெட்போன் வாங்கக் கடையில் நிற்கிறவர் தெரிந்தோ தெரியாமலோ இதற்கு ஒரு விடையை வைத்துக்கொண்டுதான் பணத்தை எடுக்கிறார். விலை ஏற ஏற ஒலியும் ஏறும் என்று நம்புகிறவர், நன்மை முழுவதும் கருவிக்குள் இருப்பதாகக் கொள்கிறார். எதில் கேட்டாலும் ஒன்றுதான், கேட்பது மனம் என்று சொல்கிறவர், கருவிக்கு ஒரு பங்கும் தருவதில்லை. இரண்டு விடைகளும் பாதி சரி. மீதிப் பாதியைத் தேடுவதற்கு இந்தியச் சிந்தனை மரபு உதவுகிறது.

இந்தக் கேள்வியை நுட்பமாக ஆராய்ந்தவர்கள் நியாயம், வைசேடிகம் என்னும் தத்துவ மரபுகளின் நூலோர். ஒலி ஆகாயத்தின் குணம். செவி என்பது காதுத் துளைக்குள் எல்லை கட்டப்பட்ட ஆகாயமே என்பது அவர்கள் கொள்கை. முரசில் பிறந்த ஒலி அப்படியே நடந்து காதுக்கு வந்து சேர்வதில்லை. அது தன் பக்கத்தில் இன்னொரு ஒலியைப் பிறப்பிக்கிறது. அது மூன்றாவதைப் பிறப்பிக்கிறது. நீரில் அலைக்குப் பின் அலை எழுவது போலவும், கடம்பம்பூவின் இழைகள் எல்லாத் திசையிலும் ஒருங்கே விரிவது போலவும் இந்தத் தொடர் பரவுகிறது. காதுக்குள் பிறக்கும் கடைசி ஒலி ஒன்றே கேட்கப்படுகிறது. மீமாம்சை என்னும் மற்றொரு தத்துவ மரபினர் இதை மறுத்தனர். ஒலி என்றும் உள்ளது, காற்றின் அசைவு அதை வெளிப்படுத்துவதோடு சரி என்றனர். ஒலியின் பிறப்பைப் பற்றித்தான் இந்த வழக்கு. கேட்பதற்குச் செவி மட்டும் போதாது, மனமும் அதோடு சேர வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் வழக்கில்லை.

மனம் அணு அளவானது, ஒரு நேரத்தில் ஒரு பொறியோடு மட்டுமே சேரும் என்று நியாய நூலோர் மேலும் சொன்னார்கள். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவால் வகுக்கும்போது செவியை ஐந்தாவதாக, மனத்துக்கு முந்திய படியில் வைக்கிறது. திருக்குறள் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கேட்டல் என்பதற்கு மூன்று உறுப்புகள் தெரிகின்றன: ஒலி தரும் கருவி, அதை வாங்கும் செவி, இரண்டோடும் பொருந்தும் மனம். ஹெட்போன் தேர்வும் இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்பதுதான்.

முதலில் கருவி. முரசுக்கும் காதுக்கும் இடையே இருந்த நீண்ட தொடரை ஹெட்போன் ஓரிரு சென்டிமீட்டருக்குள் சுருக்கிவிடுகிறது. அறையும் சுவரும் தூரமும் இல்லாமல் போகின்றன. தலையும் காது மடலும் ஒலியைத் திருத்தித் தரும் வேலையும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதனால்தான் பாட்டு எதிரே மேடையில் கேட்காமல் தலைக்கு உள்ளே கேட்கிறது. ஒலி எங்கே இருக்கிறது என்ற கேள்வி இங்கே வெறும் வாதமாக இல்லாமல் உடலால் உணரப்படுகிறது. இழந்த அறையை ஈடுசெய்யும் அளவுக்குத் தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் சமன்செய்து தருவதே நல்ல ஹெட்போனின் வேலை.

அந்தச் சமன் ஆளுக்கு ஆள் மாறும் வெறும் ருசியா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. ஹார்மன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் நடத்திய கேட்டல் சோதனைகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப் போல ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினர். ஆகவே நன்மைக்குப் பொது அளவு ஒன்று உண்டு. ஆனால் அந்த அளவு விலைச்சீட்டில் இல்லை. 283 ஹெட்போன்களின் ஒலிச் சமநிலையையும் விலையையும் ஒப்பிட்டு 2017இல் யெரூன் பிரேபார்ட் வெளியிட்ட ஆய்வு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று காட்டியது. விலை கூடும்போது கட்டுமானம், பொருள், வசதி, பெயர் ஆகியவை கூடலாம். ஒலி கூடும் என்பதற்கு உறுதி இல்லை. குறைந்த பணத்தோடு வருகிறவர் குறைந்த ஒலிக்குத்தான் தகுதி என்ற எண்ணத்துக்கு இந்த முடிவு இடம் தரவில்லை.

பெட்டியில் அச்சிட்ட எண்களும் அதிகம் சொல்வதில்லை. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அந்த எல்லைக்குள் எது தூக்கலாக ஒலிக்கும், எது அமுங்கும் என்பதை அது சொல்லாது. கைபேசியில் கேட்க 16 முதல் 32 ஓம் வரை மின்மறுப்பு உள்ளவை பொதுவாகப் போதும். மற்றதைக் காது தீர்மானிக்க வேண்டும், அதுவும் பழகிய பாட்டைக் கொண்டு. கச்சேரிப் பதிவில் தம்புராவின் ரீங்காரம் குரலுக்குப் பின்னால் தனியே நிற்கிறதா, மிருதங்கத்தின் தொப்பி ஒலி பாடகரை மூடிவிடாமல் இருக்கிறதா, கடத்தின் மண் ஓசை மண்ணாகவே கேட்கிறதா என்று பார்க்கலாம். திரைப்பாட்டு என்றால் இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரியைத் தொடர்ந்து போக முடிகிறதா என்று பார்க்கலாம். மலிவான பல மாதிரிகள் தாழ்ந்த ஒலியைத் தூக்கிவைத்து முதல் நிமிடத்தில் அசத்தும்; அரை மணியில் சலித்துவிடும்.

அடுத்தது செவி, அதாவது உடல். சோணன் என்னும் துறவியிடம் புத்தர் வீணையை உவமை காட்டிய கதையைப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. நரம்பு மிக இறுகினாலும் இசை இல்லை, மிகத் தளர்ந்தாலும் இல்லை. தலைப்பட்டைக்கும் இது பொருந்தும். பிடி இறுகினால் பொட்டு வலிக்கும், கண்ணாடி அணிகிறவருக்குக் காதின் மேல்புறம் புண்ணாகும். தளர்ந்தால் இடுக்கு வழியே தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். காதுக்குள் செருகும் வகையில் சிலிகான் நுனியின் அளவே பாதி ஒலி. பெட்டியோடு வரும் மூன்று அளவுகளையும் மாற்றிப் பார்க்காமல் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை. மும்பை போன்ற ஊரின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் உறை வியர்வை பட்டு உரியும். அங்கே துணி உறையும், கழற்றி மாற்றக்கூடிய பஞ்சும், தனியே கழலும் ஒயரும் பளபளப்பைவிடப் பயன் தரும். வலிக்கிற உறுப்பின் பக்கம் மனம் போய்விடும். நியாய நூலோர் சொன்னபடி அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும் என்றால், காது வலிக்கும்போது பாட்டு கேட்பாரற்றுப் போகிறது. ஆகவே சுகம் என்பது ஒலியோடு ஒட்டாத தனி வசதி அல்ல. கேட்டலின் ஒரு நிபந்தனை.

மூன்றாவது மனம். அது எங்கே, எதன் நடுவில் கேட்கிறது என்பதற்கு மும்பையின் வடாலா நல்ல எடுத்துக்காட்டு. வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் லைன் என்னும் புறநகர் ரயில் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வண்டி குருதேக் பகதூர் நகர், குர்லா, செம்பூர் வழியாகப் பன்வேல் பக்கம் போகும். இன்னொன்று கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாக அந்தேரி, கோரேகாவ் பக்கம் போகும். அறிவிப்பைக் கேளாதவர் செம்பூருக்குப் பதிலாக மாஹிமில் போய் இறங்குவார். கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. காவல் அதன் தொழில். அந்தக் காவலை முற்றிலும் நீக்கும் கருவி ரயிலிலும் சாலையிலும் ஆபத்து. அதே சமயம் வெளிச்சத்தமே தடுக்காத கருவியில் வண்டி இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போக நேரும். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுதலுக்கும் அந்த நேரம் பாதியாகும். ஓரளவு சத்தத்தைத் தடுத்து, அறிவிப்பை உள்ளே விடும் கருவியே இங்கே நடுவழி.

தனியே கேட்பது நல்லதா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. வடாலாவுக்கு அடுத்த மாட்டுங்காவில் தமிழர்களின் கேட்டல் கூட்டமாகவே வளர்ந்தது. 1952இல் தொடங்கிய சண்முகானந்த சபா 1963இல் பெரிய அரங்கைத் திறந்தது. 1990இல் அது தீயில் சேதமுற்று, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. நாமசங்கீர்த்தனத்தில் கேட்பவரே பாடுபவரும் ஆகிறார். வடாலா விட்டல் கோயிலில் ஆஷாட ஏகாதசிக்குத் திரளும் கூட்டத்தில் ஒருவர் காதுக்கும் இன்னொருவர் காதுக்கும் எல்லை இல்லை. ஹெட்போன் அந்த எல்லையைப் போடுகிறது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது முதல் மாதிரியில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. தனியே கேட்பது மற்றவரை அவமதிப்பதாகிவிடுமோ என்ற தயக்கம் அதைச் செய்தவர்களுக்கே இருந்தது. லோக்கல் ரயிலில் ஒரே ஒயரின் இரண்டு முனைகளை இரு தோழிகள் பகிர்வது அதே தயக்கத்துக்கு மக்கள் கண்ட விடை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் பத்துக்குப் பத்து அறையில் தொலைக்காட்சியும் குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுப் பேச்சும் ஒன்றாக ஒலிக்கும். அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஹெட்போன் ஆடம்பரப் பொருள் அல்ல. கதவுள்ள தனி அறைக்குப் பதிலாகக் கிடைத்தது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிக்கொள்ள முடியாத பிறர் செவியைத் துன்புறுத்தாமல் கேட்பதும் கொல்லாமையின் சிறிய கிளைதான். கைபேசியைச் சத்தமாக வைத்து ரயில் பெட்டி முழுவதையும் கேட்கச் செய்பவரைவிட, காதில் செருகிக்கொண்டு ஒதுங்கி நிற்பவர் அறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

எஞ்சுவது ‘போதும்’ என்பதன் அளவு. கருவி அறிவுக்கு வழி, அறிவு அல்ல என்று தத்துவ நூல்கள் பிரித்தன. கருவியை மாற்றிக்கொண்டே இருப்பவர் பாட்டைக் கேட்பதை விட்டுக் கருவியைக் கேட்கத் தொடங்குகிறார். சிறிய தொகை இந்த மயக்கத்துக்கு இடம் குறைக்கிறது. பழுது பார்க்கக்கூடிய, அழுத்தாத, குரலை மூடாத ஒன்றோடு தேடல் முடிகிறது. அதைச் சோதிக்கப் பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றை நடுத்தர ஒலியில், ஒரு மணி நேரம், கழற்றாமல் கேட்டால் போதும். முடிவில் நினைவில் நிற்பது ராகமாக இருந்தால் அந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம். காது வலியாக இருந்தால் எந்த விலையானாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.