நாய் யாருடையது?



வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளையை நாய் கடித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அதற்கு விசர் என்று சந்தேகம், நாயும் செத்துவிட்டது. லயத்தில் எழும் முதற் கேள்வி, "நாய் யாருடையது?" நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்துச் சோறு போட்டவரே, "அது தெருநாய்" என்பார். வசைக்கும் செலவுக்கும் பயந்து, இரவோடிரவாகத் தேயிலைக்குள் புதைத்துவிடுவோரும் உண்டு. இது குற்றமா, வெறும் தற்காப்பா?

புதைக்கப்படுவது எது என்று பாருங்கள். அந்தத் தலையை ஐஸில் வைத்து, கெடுமுன் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ப்பித்தால், மூளைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றியெடுப்பார்கள். விசர்க் கிருமியின் புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து அதன்மேல் இடுவார்கள். பிறகு கழுவுவார்கள். கழுவுதலில்தான் விஷயம் இருக்கிறது: பற்ற இடமில்லாதது ஓடிவிடும், பற்றியது நிற்கும். புரதம் உள்ள இடம் நுணுக்குக்காட்டியில் இளம்பச்சையாய்ப் பொட்டுப் பொட்டாக மின்னும். அமெரிக்கரான அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் தொடக்கிய வழி இது. 1958இல் விசர்நோய்க்கும் வந்தது. (தலையை நசுக்கியோ அழுகவிட்டோ அனுப்பினால், ஒன்றும் மின்னவில்லை என்பதற்காக நோயில்லை என்று சொல்ல முடியாது.)

"முடிவு எதுவானாலும் பிள்ளைக்கு ஊசி போடத்தானே போகிறார்கள், யாருக்கு நட்டம்?" என்பீர்கள். உண்மைதான், காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அதே நாய் அடுத்த லயத்தில் கடித்த பிள்ளை? சின்னக் கீறல்தானே என்று விட்டிருப்பார்கள். விசர் என்று உறுதியானால் அவர்களைத் தேடிப்போக ஆளுண்டு. நோய்க்குறி கண்டபின் பிழைப்பவர் ஏறக்குறைய இல்லை.

ஒழுக்கவியலில் மௌனம் வேறு, பொய் வேறு. வம்பு கேட்பவனுக்கு நம் வீட்டுச் சங்கதியைச் சொல்லக் கடமையில்லை. இந்தத் தாய்க்கோ அந்த உண்மை உரிமையாகவே சேரவேண்டியது. பிள்ளையின் உயிர் அதில் தொங்குகிறது. ஆகவே புதைத்தவர் செய்தது பொய்யிலும் பாரமானது, அநீதி என்றே சொல்வேன்.

அதேவேளை, "என் நாய்தான்" என்று ஒத்துக்கொண்டவனை அடிக்கப் பாய்கிறவர்களுக்கும் அந்த அநீதியில் பங்குண்டு. அவனிடம் கேட்கவேண்டியது வேறு: நாய்க்குத் தடுப்பூசி போட்டது எப்போது, கடைசி நாட்களில் அது எந்தெந்த லயத்துப் பக்கம் போனது?