உழவாரமும் அடைத்த வடிகாலும்

சுங்கை பஞ்சாங் முதல் பெஸ்தாரி ஜெயா வரை, வட சிலாங்கூர் தோட்டத்துக் கோவில்களில் திருவிழா நெருங்கினால் கோவிலைத் துப்புரவு செய்யும் உழவாரப்பணி தொடங்கிவிடும். படித்தவரும் பெரிய வேலையில் இருப்பவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோவில் சாக்கடையில் இறங்குவார்கள். அதைப் புண்ணியம் என்கிறோம். அதே கை, வீட்டுக் குளியலறை வடிகாலில் சிக்கிய முடியை எடுக்கக் கூசுகிறது. அழுக்கு ஒன்றுதான். ஓரிடத்தில் அது தொண்டாகவும் இன்னோரிடத்தில் தீட்டாகவும் இருக்குமானால், இரண்டில் ஒன்றை நாம் மனதார நம்பவில்லை.

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகளைச் சொல்கிறது. உடலால் உழைக்கும் சரியைதான் முதற்படி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவனடியார் அப்பர் கையிலிருந்த உழவாரம் புல் செதுக்கும் கருவி. அதோடுதான் அவரைச் சிலையாக வடித்து வணங்குகிறோம். ஆகவே இந்தக் கூச்சத்தைச் சமயத்தின் தலையில் கட்ட முடியாது. அது சாதி கொடுத்தது. தோட்டத்து லயங்களில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில், அதை அள்ளும் வேலை யார் தலையில் விழுந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வாளி போய்விட்டது, 'அதற்கு ஆள் இருக்கிறான்' என்ற நினைப்பு மட்டும் லயத்தை விட்டுத் தாமானுக்கு நம்மோடு குடிவந்துவிட்டது. 1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில், கழிப்பிடத்தைச் சுத்தம் செய்யக் காந்தி தாமே துடைப்பத்தை எடுத்தது இந்த நினைப்புக்கு எதிராகத்தான்.

ஒழுகும் குழாயிலும் 'அதற்கு ஆள் இருக்கிறான்' என்ற இதே நினைப்புதான். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளுக்கு 86,400 சொட்டு. 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, ஒரு வாளித் தண்ணீரின் அருமை இங்கே பலருக்கும் புரிந்தது. அந்த ஒழுகலை நிறுத்தப் பெரிய வித்தை வேண்டாம். வால்வை அடைத்து, திருகு குழாயின் தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். வருடக்கணக்கில் இறுக்கித் திருகியதில் அதன் முகத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். புதியதைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது.

பிளம்பர் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். அவர் வாழ்வது இந்த வாஷரால் அல்ல. வடிகாலில் ஒருமுறை கைவிட்டவர் அவரிடம் கூலி பேரம் பேசமாட்டார், வாசலோடு நிறுத்தித் தண்ணீர் கொடுக்கவும் மாட்டார். அவரவர் தொழில் அவரவர்க்கு என்று கீதை சொல்கிறதே என்பது கனமான கேள்வி. நம் உடம்பிலிருந்து உதிர்ந்த முடியையும் அழுக்கையும் அகற்றுவது நம் தர்மம் இல்லையென்றால் வேறு யாருடையது? மின்சாரம் என்று வரும்போது மட்டும் நான் பின்வாங்குகிறேன். வயரிங் வேலையைத் தகுதிச் சான்று பெற்றவரே செய்யவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். மைக்ரோவேவ் அடுப்பின் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். அங்கே ஆளைக் கூப்பிடுவது உயிருக்குப் பயந்து. அதில் தீட்டு எண்ணம் இல்லை.

அடுத்த உழவாரப்பணிக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை, குளியலறை வடிகால் மூடியைத் தூக்கி, அடைத்திருப்பதை உங்கள் கையால் எடுத்துப் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போங்கள்.