நாணயமில்லாத நாணயம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தானது. அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு உண்டென்ற எச்சரிக்கையோடு திருக்குர்ஆனின் 83-ஆம் சூரா தொடங்குகின்றது. தராசைக் கையில் பிடித்துப் பிழைக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் கடைவீதியிலே தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, தம் திருக்கரத்தை அதனுள் விட்டார்கள். விரல்களிலே ஈரம் பட்டது. இது என்னவென்று வினவ, மழையிலே நனைந்துவிட்டதென்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் கூறினார்கள். சஹீஹ் முஸ்லிமிலே பதிவான ஹதீஸ் இது. மழை பெய்தது அந்த மனிதரின் குற்றமன்று. ஈரத்தை அடியிலே மறைத்ததுதான் குற்றம்.

இப்பொழுது கைப்பேசி வழியாக ஒரு காசு வியாபாரம் நம்மவரிடையே நுழைந்திருக்கிறது. இன்று ஆயிரம் வெள்ளி போட்டால் அடுத்த மாதம் இரண்டாயிரம் என்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் நாம் கையை விட்டுப் பார்த்தோமா?

2014-ஆம் ஆண்டு பல்கேரியாவின் சோஃபியா நகரிலே 'ஒன்காயின்' என்றொரு காசு தொடங்கப்பட்டது. கல்விப் பொதி என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு காசு தருவதாகச் சொன்னார்கள். மெய்யான டிஜிட்டல் காசுக்குப் பலரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பேரேடு உண்டு. பிளாக்செயின் என்பது அதுதான். ஒன்காயினுக்கோ அப்படியொரு பேரேடே இல்லையென்று அமெரிக்க அரசு வழக்கிலே வெளிவந்தது. விலையையும் சந்தை நிர்ணயிக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே எழுதினார்கள். அரை யூரோவிலிருந்து ஏறக்குறைய 30 யூரோ வரை அது ஏறிக்கொண்டேயிருந்தது. ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத சரக்கை, மிளகும் அரிசியும் விற்ற நம் முன்னோர் எங்கேனும் கண்டதுண்டா? உலகெங்கும் ஏறக்குறைய 35 இலட்சம் பேர், 400 கோடி டாலருக்கு மேல் இதிலே இழந்தார்கள். தலைவி ருஜா இக்னாட்டோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். கூட்டாளி கிரீன்வுட்டுக்கு 2023 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. சிங்கப்பூரிலும் இதற்கு ஆள் சேர்த்ததாக 2019-இல் இருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது.

சகோதரர்களே! சோஃபியாவிலிருந்து எவரும் நம் கடை வாசலுக்கு வந்து கையேந்துவதில்லை. இத்தகைய மோசடிகள் நமக்குத் தெரிந்தவர் மூலமாகவே வருகின்றன. ஊர்க்காரர், சம்பந்தி, ஜும்ஆவிலே பக்கத்தில் தொழுதவர் வந்து ஸலாம் சொல்லி, "நான் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள்" என்கிறார். அவர் சொல்லை நம்பிக் கடைப் பையன் ஊருக்கு அனுப்ப வைத்திருந்ததைக் கொடுக்கிறான். ஒரு தாய் ஹஜ்ஜுக்குச் சேர்த்ததைக் கொடுக்கிறாள். சேர்த்துவிட்டவருக்கோ தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வருகிறது.

"என் பணமும் போய்விட்டதே, நானும் ஏமாந்தவன்தானே?" என்று அவர் கேட்கலாம். அவருடைய முதல் போனது அவருக்கு நஷ்டம்தான். ஆனால் பிறரைச் சேர்த்து வாங்கிய கமிஷன் அவர் கல்லாவிலே கிடக்கும் பிறர் பொருள். தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் மறுமைக்கு வருகின்ற ஒருவன், பிறர் பொருளைத் தின்றதனாலே தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து, தீராத பாக்கிக்கு அவர்களுடைய பாவங்களையும் சுமப்பானென்றும், அவனே மெய்யான திவாலாளி என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். திவால் என்றால் என்னவென்று வியாபாரிகளாகிய நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியார்களின் உரிமையிலே தவ்பா நிறைவேற வேண்டுமானால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இயலாதவர் அவர்களிடமே சென்று உண்மையைச் சொல்லித் தவணை கேட்கட்டும்.

டிஜிட்டல் காசு முழுவதையும் ஹராமென்று நாம் சொல்லவரவில்லை. பதிவுபெற்ற சந்தைகளில் அதை வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகுமென்று மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனை மன்றம் 2020-இல் முடிவு கூறியிருக்கிறது. ஆனால் அந்த முடிவைக் காட்டி, பதிவே இல்லாத காசை 'ஹலால்' என்று விற்பவன் மார்க்கத்தையே படிக்கல்லாக்கி மோசம் செய்கிறான்.

ஆகவே பணம் கொடுக்குமுன் மலேசியாவில் பங்கு ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும், சிங்கப்பூரில் நாணய ஆணையத்தின் பட்டியலையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். உரிமம் உண்டாவென்றும் கேளுங்கள். இலாபத்தை எடுக்க முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்பவனுக்கு மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 எண்ணுக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மூடி வைத்தால் அடுத்த கடைக்காரரும் அதே குழியில் விழுவார். ஈரத்தை மேலே எடுத்து வைப்பது நம் கடமை.

நம் மொழியிலே காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். வெறுங்கையோடு கப்பலேறி வந்த நம் முன்னோருக்குக் கடனுக்குச் சரக்குக் கிடைத்தது இரண்டாவது நாணயத்தினால்தான்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதிலே பரக்கத்தை அருள்வாயாக! எங்கள் நாவைப் பிறர் பொருளுக்குத் தூண்டிலாக்காமல் காப்பாயாக! ஆமீன்.