செத்தவளைத் திரும்பக் கூப்பிடுவது

போன மாதம் ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டு அட்வான்ஸ் கொடுத்தார். நான் எடுத்த ஒரே படத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமாம். பேய்ப் படம். பேரைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. தியேட்டரில் இரண்டு வாரம் ஓடியது, அப்புறம் டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போட்டுப் போட்டே பிரபலமாகிவிட்டது. "அதே பேய் திரும்ப வரணும் சார். இன்னும் கோவமா. இந்த வாட்டி ஒரு பாவமும் பண்ணாத குடும்பத்தைப் புடிச்சு ஆட்டணும்," என்றார். தலையாட்டினேன். என்னிடம் இருந்த மூன்று உதவி இயக்குநர்களும் ஒன்றரை வருஷமாக வேலையில்லாமல் இருக்கிறார்கள். நானும்தான். செக்கை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பேங்கில் போடவில்லை.

என் ஊர் நல்லூர். யாழ்ப்பாணத்து நல்லூர் என்று நினைத்துக்கொண்டு முருகன் கோயிலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எங்களுடையது விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், மணிமுத்தாற்றங்கரை நல்லூர். விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான். அகல் விளக்கு, பொம்மை, வீட்டு மெயின் பெட்டியில் இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கேரியர். எங்கள் தெருவில் பலர் ஏதாவது ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனவர்கள். அதில் ஒரு அக்கா பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். கல்யாணமாகிப் போன இரண்டாம் வருஷம் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள் என்று சேதி வந்தது. தொண்ணூறுகளில் ஸ்டவ் எல்லாம் எப்படி மருமகளுக்கென்றே பார்த்து வெடித்தது என்பதை யாரும் கேட்கவில்லை. கேஸும் ஒன்றும் ஆகவில்லை.

என் படத்துப் பேய் அவள்தான். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், கண் எழுதுகிற வேலையை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். படம் விருத்தாசலத்தில் ஓடியபோது யாரோ பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் அந்தப் பேய், புருஷனையும் மாமியாரையும் ஊர் முன்னால் உண்மையைச் சொல்ல வைத்துவிட்டு, பாதியில் விட்ட ஒரு பொம்மைக்குக் கண் எழுதி முடித்துவிட்டுப் போய்விடும். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பெரியம்மா திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் கேட்டது வேறு.

"அவ போயிட்டா இல்ல தம்பி? இனிமே வர வேண்டியது இல்லியே?"

"இல்ல பெரியம்மா."

யோசிக்காமல் சொன்ன பதில். இப்போது அந்தப் பதில்தான் செக்குக்கும் பேங்குக்கும் நடுவில் நிற்கிறது.

தயாரிப்பாளரிடம் சொன்னால் சிரிப்பார். சினிமாவில் செத்தவளைச் சினிமாவில் எழுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? நியாயமான கேள்விதான். இலக்கிய நண்பர்கள் சிலர் வேறு மாதிரி சிரிக்கிறார்கள்: பேய்ப் படம் எடுக்கிறவனுக்கு அறச்சிக்கல் வேறயா? ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்ப்பதே கேவலம், அதில் முதல் பாகம் என்ன, இரண்டாம் பாகம் என்ன என்பது அவர்கள் கட்சி.

இவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். படுகளத்தன்று அவன் தொடையில் அடி விழும், திரௌபதி கூந்தலை முடிவாள். அடுத்த திருவிழாவில் மறுபடி மண் குழைத்து மறுபடி அவனைப் படுக்க வைப்பார்கள். சின்ன வயசில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கதை தெரிந்ததால் யாரும் எழுந்து போனதில்லை. என்ன நடக்கும் என்பது தெரியும், அதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பேய்ப் படம் பார்க்க வருகிறவனும் அப்படித்தான் வருகிறான். செத்தவளுக்கு ஒரு கதை உண்டு, அது கேட்கப்படும், செய்தவன் மாட்டுவான். இதை நம்பித்தான் டிக்கெட் எடுக்கிறான். அதைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சுந்தர் சி. 2014இலிருந்து 2024க்குள் நான்கு 'அரண்மனை' எடுத்தார். நம்பர்தான் ஏறுகிறது, ஒவ்வொன்றிலும் வேறு பேய், வேறு கதை. எவ்வளவு கேலி செய்தாலும், அதில் கூத்துக்காரனின் நேர்மை ஒன்று இருக்கிறது.

தயாரிப்பாளரின் கேள்விதான் கஷ்டம். கூத்தில் துரியோதனன் மறுபடி சாகிறான். செத்த பிறகு எழுந்து வந்து, நேற்று நடந்தது செல்லாது என்று சொல்வதில்லை. மறுபடி சொல்வது வேறு, முடிந்ததைக் கலைப்பது வேறு.

'சந்திரமுகி' இதற்கு நல்ல உதாரணம். 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்ரதாழ்' அதன் மூலம். பி. வாசு அதைக் கன்னடத்தில் எடுத்தார், பிறகு 2005இல் தமிழில். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. மொழி மாறி மாறி ஒரே கதையைச் சொன்னதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தப் படத்தின் அடிப்படையே, கங்காவைப் பிடித்திருப்பது பேயில்லை, மனநோய் என்பதுதான். ஊரே மந்திரவாதியைத் தேடும்போது டாக்டர் வந்து குணப்படுத்துவார். பேய் ஓட்டுவதற்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட எத்தனையோ பெண்கள் இருக்கிற நாட்டில், ரஜினி படம் ஒன்று இதைச் சொன்னது பெரிய விஷயம். 2023இல் அதே பி. வாசு இரண்டாம் பாகம் எடுத்தார். அதில் சந்திரமுகி நிஜமான பேய். படம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது கிடக்கட்டும். 2005இல் தியேட்டரில் உட்கார்ந்து, 'ஓ, இது நோய்தானா' என்று நிம்மதியடைந்த ஒரு பெண்ணிடமிருந்து அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

ராகவா லாரன்ஸ் விஷயம் கொஞ்சம் வேறு. 'முனி' 2007, 'காஞ்சனா' 2011. பேய்க்குப் பயந்து அம்மா இடுப்பில் ஏறுகிற ஹீரோ, அவன் உடம்புக்குள் வந்து நியாயம் கேட்கிற ஆவி. நல்ல அச்சு. 'காஞ்சனா'வில் அந்த ஆவி ஒரு திருநங்கை, சரத்குமார் நடித்தார். நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். திருநங்கையைக் கேலிக்கு மட்டுமே காட்டிக்கொண்டிருந்த சினிமாவில் அவளுக்காக மொத்தத் தியேட்டரும் கைதட்டியது. 2015இல் வந்த அடுத்த பாகத்தில் மாற்றுத்திறனாளிப் பெண்ணாக நித்யா மேனன், கூடவே மொட்டை சிவா என்று லாரன்ஸே இன்னொரு வேடம். 2019இன் 'காஞ்சனா 3'இல் ஆவியே லாரன்ஸ்தான். யாரோ ஒரு கேட்பாரற்றவருக்காகப் போட்டு வைத்திருந்த நாற்காலி அது.

எங்கள் ஊர்ப் பொம்மைப் பட்டறையில் இது தினசரி நடப்பு. பிளாஸ்டர் அச்சில் மண் கரைசலை ஊற்றி வார்ப்பார்கள். ஊற்ற ஊற்ற அச்சு தேயும், பிள்ளையாரின் விரல் மழுங்கும். அப்போது பழைய மாதிரி உருவத்தை எடுத்துப் புது அச்சு செய்யவேண்டும். சோம்பேறித்தனமாக, சூளையில் வெந்து வந்த பொம்மையிலிருந்தே அச்சு எடுத்தால் அடுத்த பிள்ளையார் சிறுத்துவிடுவார். மண் காய்ந்து வெந்து வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் இன்னும் சிறுக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பழையதன் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இரண்டாம் பாகமே தப்பு என்று நான் சொல்லவில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955, 'அபராஜிதோ' 1956. முதல் படத்தில் செத்துப்போன துர்கா அடுத்ததில் எழுந்து வரவில்லை. மிச்சம் இருந்தவர்கள் காசிக்குப் போனார்கள், கதையும் கூடவே போனது. என்னிடமும் மிச்சம் இருப்பவர்கள் உண்டு. சாட்சி சொல்லாத பக்கத்து வீட்டுக்காரி, அந்தப் பொம்மையை வாங்கிப்போன குடும்பம். தயாரிப்பாளரிடம் சொல்லிப் பார்த்தேன். "போஸ்டர்ல யாரு சார் இருப்பா?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் கேட்கிற பேய் எது என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. காரணமில்லாமல் கொல்லுகிற, ஒரு பாவமும் அறியாத குழந்தைகளை மிரட்டுகிற ஒன்று. அந்த அக்கா உயிரோடு இருந்தபோது அவள் மாமியார் தெருவில் சொல்லித் திரிந்தது அதுதான்: "அவ பேய்ங்க, மனுசியே இல்ல."

போன வாரம் ஊருக்குப் போனேன். பெரியம்மா டீ போட்டுக் கொடுத்தாள். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"அடுத்த படம் எப்ப தம்பி?"

"எடுக்கறன் பெரியம்மா."

"பேய்ப் படந்தானா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்த வாட்டி யாரு வூட்டுப் பொண்ணு?"