ஹீட்டரைத் தாங்கும் சட்டம்

சுடுதண்ணீர் பீய்ச்சிக் கழுவும் லாரி ஒன்று பட்டறையில் நிற்கிறது. தொட்டி, பம்பு, டீசல் பர்னர் வைத்த ஹீட்டர் எல்லாம் முதுகில். ஹீட்டர் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தின் ஒரு மூலையில் பெயின்ட்டைத் தாண்டித் துரு கசிந்திருந்தது. சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, ஈரமில்லாமல் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே இறங்கிய எண்ணெய் மெதுவாக வெள்ளையில் ஊறி, கோடாக எழுந்தது. ரயில் அச்சுகளைச் சோதிக்கவும் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

"அண்ணே, இன்னும் கனமான ஆங்கிளாப் போட்டுருங்க" என்றார் டிரைவர்.

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிள் எங்கும் வளையவில்லை. வெல்டிங் முடிகிற விளிம்பில்தான் விரிசல். பாரத்தை அது தாங்கியிருக்கிறது, ஆட்டத்தைத்தான் தாங்கவில்லை.

*

1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றின. அண்டார்டிகா வரை போய்வந்த கப்பல் தலைவர் துயுமோன் துர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அதில் இறந்தார். அதிர்ந்து அதிர்ந்து இரும்பின் இயல்பே மாறிவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். மறு ஆண்டு ராங்கின் என்ற இளம் பொறியாளர் உடைந்த அச்சுகளைப் பற்றி எழுதினார். தடிமன் சட்டென்று மாறும் கூர்மூலையில் விரிசல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. அந்த மூலையை வளைவாக்குங்கள் என்றார். பிறகு ஜெர்மனியில் வோலர் அச்சுகளை இயந்திரத்தில் மாட்டித் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தார். ஒருமுறை ஏற்றினால் ஒன்றும் செய்யாத பாரம், பல லட்சம் முறை வந்தால் முறித்துவிடும் என்பது அவர் சோதனைகளில் உறுதியானது.

இந்த லாரியிலும் அதே கதைதான்: பின்சக்கரம் ஒன்று குழியில் இறங்கும்போதெல்லாம் சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது. நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டிய சட்டம் கூடவே முறுக்கியாக வேண்டும். கனமான ஆங்கிள் போட்டால் முறுக்கு நிற்காது. வேறொரு மூலையைத் தேடிப் போகும். உறுதி சேர்த்த இடத்தின் ஓரம்தான் அடுத்த பலவீனம்.

*

விரிசலின் நுனியில் துளை போட்டாயிற்று, அது மேலே ஓடாதிருக்க. பிளவைக் கிரைண்டரால் பள்ளமாக எடுத்து, காய்ந்த வெல்டிங் ராடால் நிரப்பினேன். மூலைக்கு முக்கோணத் தகடு, முனைகள் சரிந்து மெலிந்து முடியும்படி. வெல்டிங்கின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்க நேரம் பிடித்தது. விரல் தடுக்காமல் வழுக்கும்வரை தேய்த்தேன். இந்த வேலையை அவசரப்படுத்தக் கூடாது. பர்னர் எரியும்போது அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஒருவர் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியைப் பிடித்து நிற்கிறார். டீசலும் கொதிக்கும் தண்ணீரும் அவர் முழங்கை தூரத்தில்.

தாங்கும் இடங்களை நான்கிலிருந்து மூன்றாக்கினேன், ரப்பர் புஷ் வைத்து. மூன்று புள்ளியில் நிற்பதை அடியிலிருப்பது முறுக்க முடியாது. சேசிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் வெல்டிங் வைக்கவில்லை, துளையும் போடவில்லை. வளைவின் பெரும் வலி அங்கேதான் ஓடுகிறது. பக்கச்சுவரில் போல்ட். ராடைத் தொடுவதற்கு முன்பே பேட்டரி வயர் கழற்றியாயிற்று.

*

சூடு தனிக் கணக்கு. ஒரு மீட்டர் இரும்பு 80 டிகிரி கூடினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளும். அது நீளட்டும் என்று ஹீட்டர் அடித்தகட்டின் ஒரு பக்கத்துக்கு நீள்துளை. வெளியே வரும் சுடுநீருக்கு இரும்புப் பைப்பை எடுத்துவிட்டு வளையும் ஹோஸ். ஆடுகிற பொருளையும் ஆடாத பொருளையும் விறைப்பான பைப்பால் இணைத்தால் முதலில் அழுவது மரைதான்.

சட்டத்தில் உள்ள சதுரக் குழாய்களின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள். உள்ளே தேங்கும் துருவை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

*

தொட்டியை நிரப்பிக் குழியான பாதையில் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் கோடு கிழிக்க வேண்டும், நழுவினால் தெரிவதற்கு. மூலைகளுக்கு டிரைவர் கேட்ட கறுப்பு பெயின்ட் வேண்டாம். வெள்ளை போதும், துரு கசிந்தால் அவர் கண்ணுக்கே முதலில் படும்.