நமக்கென்று வாராத குரல்

ஓர் உயிரைக் கொல்லாமலும் வருத்தாமலும் இருந்துவிட்டால் அகிம்சை நிறைவு பெற்றுவிடுமா? நம்மை நோக்கி எழாத ஓர் அவலக்குரல் நம் செவியில் விழுந்தால், அதற்கு நாம் கடமைப்பட்டவர்களா? இல்லறத்தாராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை.

1928-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், வடதுருவத்தை அடைந்து திரும்பிய 'இத்தாலியா' என்னும் ஆகாயக் கப்பல் பனிக்கடலின்மேல் விழுந்து நொறுங்கியது. தலைவர் நோபிலே உள்ளிட்ட ஒன்பதின்மர் பனிப்பாளத்தில் உயிருடன் எஞ்சினர். அவர்களுள் ஒருவரான பியாஜி, சிறியதொரு சிற்றலை வானொலிக் கருவியை அமைத்து இடைவிடாது அபயக்குரல் அனுப்பினார். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நின்ற துணைக்கப்பல் அதனைக் கேட்கவில்லை. ஜூன் 3-ஆம் நாள், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ரஷ்யச் சிற்றூர் ஒன்றில், நிக்கொலாய் ஷ்மித் என்னும் அமெச்சூர் வானொலி ஆர்வலர் தாமே செய்த பெட்டியில் அதனைக் கேட்டார்.

சிற்றலை வானின் மேலடுக்கில் பட்டு மீளும்போது, அருகில் உள்ளோரைத் தாண்டித் தொலைவில் இறங்குவது இயற்கை. ஆகவே துணைக்கப்பலை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஆயினும், அங்கிருந்தோர் போதிய கவனத்துடன் செவிமடுக்கவில்லை என்று நோபிலே பின்னாளில் குறைப்பட்டார்.

ஷ்மித் கேட்டதோ அரைகுறையான அயல்மொழிச் சொற்கள். பெட்டியை மூடிவிட்டு உறங்கியிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். அவரோ மாஸ்கோவுக்குத் தந்தி அனுப்பினார். செய்தி இத்தாலிக்கும் எட்டியது; சில நாள்களில் துணைக்கப்பலும் அக்குரலைக் கேட்டது. ஜூலை 12-ஆம் நாள் 'கிராசின்' என்னும் பனியுடைக்கும் கப்பல் எஞ்சியோரை மீட்டது. ஒன்பதின்மருள் எண்மர் பிழைத்தனர்.

நம் ஆசாரியர்கள் இம்சைக்கு வேராகக் காட்டுவது 'பிரமாதம்' என்னும் விழிப்பின்மையை அன்றோ? திருக்குறளில் பொச்சாவாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. கவனமின்றி ஓர் உயிரை மிதிப்பதும், கவனமின்றி ஓர் அழுகுரலைக் கடந்து போவதும் ஒரே வேரில் முளைப்பவை.

'உலகின் துயரையெல்லாம் இல்லறத்தார் தாங்க இயலுமா?' எனச் சிலர் வினவலாம். இயலாது. ஷ்மித்திடம் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அவர் பனிக்கடலுக்குச் செல்லவுமில்லை. கேட்டதைக் கேட்டபடி, உதவ வல்லாரிடம் சேர்த்தார். அவருடைய ஆற்றலின் அளவே அவருடைய கடமையின் அளவு. அதற்குக் குறையாமல் அவர் செய்தார்.

ஆகவே, பிரதிக்கிரமணம் செய்யும்போது, 'இன்று எவ்வுயிரை வருத்தினோம்?' என்று ஆராய்வதோடு நில்லாது, 'எவர் குரலைக் கேட்டும் கேளாதிருந்தோம்?' என்பதையும் சேர்த்து ஆராய்வோமாக.