பெயரைச் சொன்னதும் போன வீடு

ஆவடியை ஒட்டிய சேக்காடு போன்ற பகுதிகளில் வாடகைக்கு வீடு தேடும் முஸ்லிம் இளைஞர்களுக்கு இந்தத் தொலைபேசி உரையாடல் மனப்பாடம். வாடகை பேசியாயிற்று, அட்வான்ஸ் பேசியாயிற்று, தண்ணீர் வசதியும் கேட்டாயிற்று. "சாயங்காலம் வந்து பாருங்க தம்பி. பேரு என்ன சொன்னீங்க?" பெயரைச் சொன்னதும் மறுமுனை சற்று நேரம் பேசுவதில்லை. பிறகு, "அடடா, அந்த வீடு நேத்தே முடிஞ்சிடுச்சாம்பா." டு-லெட் அட்டை மட்டும் அடுத்த வாரமும் கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "சபூர் செய்ப்பா. அல்லாஹ் பார்த்துக்குவான்."

அந்த அம்மாவின் சொல்லில் ஆழ்ந்த நம்பிக்கை இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பொறுமை என்றால் நடந்ததைச் சொல்லாமல் விழுங்குவதா? அநீதியை எழுதிவைத்து முறையிடுவது சபூருக்கு எதிரானதா?

இஸ்லாத்தின் மூலநூலே இதற்கு விடை வைத்திருக்கிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுத்தால் எழுதிவை, சாட்சிகளை வைத்துக்கொள் என்று சொல்வது அது. தன் கணவர் செய்த அநீதியைப் பற்றி நபிகளிடம் வந்து வாதாடிய ஒரு பெண்ணைக் குறித்தே 58ஆம் அத்தியாயத்தின் பெயர் அமைந்திருக்கிறது. அவரது முறையீட்டை இறைவன் கேட்டான் என்றே அது தொடங்குகிறது. தீமையைப் பலரறியப் பேசுவதை விரும்பாத அதே வேதம், அநீதி இழைக்கப்பட்டவருக்கு மட்டும் அதில் விலக்கு அளிக்கிறது. கடனுக்கே கணக்கு வேண்டுமென்றால், பறிக்கப்பட்ட மரியாதைக்குக் கணக்கு வேண்டாமா?

கணக்கு இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை ஒருமுறை பார்த்தது. 2020 மே மாதம், டெல்லி தப்லீக் மாநாட்டைச் சாக்கிட்டு முஸ்லிம்கள்தான் கொரோனாவைப் பரப்புகிறார்கள் என்ற பழி ஊரெங்கும் சுற்றிய நேரம். தியாகராய நகரில் ஒரு பேக்கரியின் வாட்ஸ்அப் விளம்பரத்தில், தங்களிடம் முஸ்லிம் ஊழியர்கள் இல்லை என்ற வரி இருந்தது. அந்தப் படம் கைமாறி மாம்பலம் காவல் நிலையம் வரை போனது. வழக்குப் பதிவாகி உரிமையாளர் கைதானார். முஸ்லிம்கள் வேலை செய்கிறார்களா என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அப்படிப் போட்டோம் என்று கடைத் தரப்பில் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அப்படியானால் கேட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. எழுத்தில் இருந்த ஒரு வரிதான் சட்டத்தின் கைக்குச் சிக்கியது.

எழுத்தில் இல்லாததை எண்ணுவதற்கும் வழி உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007இல் 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், முஸ்லிம் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

அரசின் கணக்கோ பாதியில் நின்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2017இல் கும்பல் கொலை, வெறுப்புக் குற்றங்கள் பற்றிய விவரங்களைத் திரட்டியது. அவை நம்பகமாக இல்லை என்று சொல்லி, அந்தப் பணி பிறகு கைவிடப்பட்டது. வீடு தர மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. 2006இல் சச்சார் குழு பரிந்துரைத்த சமவாய்ப்பு ஆணையம் இன்றுவரை அமையவில்லை. எண்ணிக்கை இல்லாத துயரத்துக்குச் சட்டம் எழுத யாரும் அவசரப்படுவதில்லை.

இந்தக் கணக்கைப் பாதிக்கப்பட்டவரே சுமக்க வேண்டும் என்பது நியாயமும் அல்ல. மற்றவர்களும் எழுதிவைக்கலாம்; இலங்கையில் அப்படி நடந்திருக்கிறது. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் 2 மணி நேரம். தமிழர் பெயரால் நடந்த அந்தக் கொடுமையைத் தமிழர்களே எழுதிவைத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் உருவாக்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு அதைத் தன் அறிக்கைகளில் பதிவு செய்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989லேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலத்தில், தன் இனத்துக்கு எதிராகவே சாட்சி சொன்ன துணிவு அது.

அந்தத் துணிவில் நூற்றில் ஒரு பங்கு போதும், நம் தெருவுக்கு. பிரிட்டனில் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலையை விசாரித்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல் ஒரு வரையறை தந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ இனவெறி என்று உணர்ந்தாலே அதை அப்படிப் பதிவு செய்ய வேண்டும். 'வேறு எவரோ' என்ற சொல்லில் பக்கத்து வீட்டுக்காரரும் அடக்கம்.

இங்கும் வழி அடைபட்டுவிடவில்லை. வெறுப்புப் பேச்சுக்கு, புகார் வராவிட்டாலும், பேசியவரின் மதம் பாராமல் வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கலாம். ஒரு நகலை மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் அனுப்பலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் "பாய் வீட்டுக்காரங்களுக்கு வாடகைக்கு விடாதீங்க" என்று யாராவது போட்டால், முகம் சுளித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடும் நேரத்தோடும் பத்திரப்படுத்துங்கள். இது தவறு என்று அதே குழுவில், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.